அன்னக்கிளித் தட்டு

கழுகுமலைக்குப் போகிறவர்கள் வழக்கமாக மூன்று காரியங்கள் செய்வார்கள். கழுகாசலமூர்த்தியைத் தரிசிப்பார்கள். மலைமேல் ஏறி, பாறையை மேலிருந்து கீழாகச் செதுக்கிக் கொண்டே வந்து பாதியில் நின்றுபோன வெட்டுவான் கோயிலைப் பார்த்து, "அடடா! இதை முடித்திருக்கக் கூடாதா?" என்று அங்கலாய்ப்பார்கள். பிறகு, பக்கத்துப் பாறையில் வரிசை வரிசையாக வீற்றிருக்கும் சமண தீர்த்தங்கரர்களின் எதிரே நின்று படம் பிடித்துக் கொள்வார்கள். சென்ற பங்குனி உத்திரத்தின்போது நானும் இம்மூன்றையும் குறைவில்லாமல் செய்து முடித்தேன். நாலாவதாக ஒரு காரியமும் செய்தேன். நண்பர் ஒருவர் வீட்டு முன்கட்டில் உட்கார்ந்து, 1976-ஆம் வருஷத்து இசைத் தட்டு ஒன்றை ஏழு தடவை கேட்டேன். இந்த வாரம் எழுதப் போவது அந்த நாலாவது காரியத்தைப் பற்றித்தான்.

நண்பர் ஓய்வு பெற்ற உபாத்தியாயர். உத்தியோகம் கிடைத்த புதிதில், 20 கிலோமீட்டருக்கு அப்பாலுள்ள கோவில்பட்டிக்கு பஸ் ஏறிப் போய், கைப்பணத்தைக் கொடுத்து வாங்கி வந்த தட்டு அது. "அன்னக்கிளி" படத்துப் பாட்டுக்கள். இப்போது சென்னையில் வேலை பார்க்கும் அவருடைய பேரப் பிள்ளை, பழைய தட்டுகளுக்கு நல்ல கிராக்கி ஏற்பட்டிருப்பதாகவும், இதை விலைக்குக் கேட்கும் ரஸிகர் ஒருவரைத் தான் பிடித்து வைத்திருப்பதாகவும் செய்தி அனுப்பியிருந்தான்.

"கொடுத்து விடலாமா, வேண்டாமா? நீங்கள் சங்கீத விஷயமாக எழுதுகிறவர். ஒரு தடவை கேட்டுவிட்டுச் சொல்லுங்கள்" என்றார் நண்பர்.

ஆகவே, நேயர்களே, நான் கேட்டது வெறும் ரஸனைக்காக அன்று, மத்தியஸ்தம் செய்வதற்காக!

முதலில் தட்டைத் துடைக்க வேண்டியிருந்தது. கரிசல் புழுதியை அறியாதவர்களுக்கு இதை விளக்குவது கடினம். மழை பெய்தால் காலைப் பிடித்துக் கொண்டு விடாத அதே மண், காய்ந்து விட்டால் மாவைவிட மெலிதாகி, சாத்திய கதவுக்குள்ளும் நுழைந்து விடும். அந்தக் காலத்து அரக்குத் தட்டுகள் இரும்பு முள்ளால் தேய்ந்து போயின. பின்னால் வந்த வினைல் தட்டுக்கோ வேறொரு சுபாவம். துணியால் தேய்க்கத் தேய்க்க அதில் மின்னேற்றம் உண்டாகிப் புழுதியைத் தானே இழுத்துக் கொள்ளும். நண்பர் ஈரம் பட்டும் படாததுமான பழைய மல் துணியால், வட்டமாக, குழந்தைக்கு முகம் துடைப்பது போல் துடைத்தார்.

தட்டுச் சுழன்றது. முள் இறங்கியது. ஒரு சிறு கரகரப்பு. பிறகு எஸ். ஜானகி அம்மாளின் குரல்.

இந்தத் தட்டு வெளிவந்தபோது தமிழ்நாட்டுத் தெருக்களில் எந்தப் பாட்டு ஒலித்துக் கொண்டிருந்தது என்பதை இப்போதுள்ள இளைஞர்கள் அறிய மாட்டார்கள். 1969-இல் வந்த "ஆராதனா", 1973-இல் வந்த "பாபி", 1975-இல் வந்த "ஷோலே" ஆகிய படங்களின் ஹிந்திப் பாட்டுக்களை, ஒரு வார்த்தைக்கும் அர்த்தம் தெரியாமலே கல்லூரிப் பிள்ளைகள் முதல் சோடாக் கடைக்காரர் வரையில் பாடித் திரிந்தார்கள். அவை நல்ல பாட்டுக்கள். அவற்றின்மேல் எனக்குத் துவேஷம் கிடையாது. ஆனாலும், ஒரு நாட்டு ஜனங்கள் தங்களுக்கு விளங்காத பாஷையில்தான் சந்தோஷப்பட முடியும் என்ற நிலைமை ஏற்பட்டால், அது அந்த ஜனங்களுக்குக் கௌரவமான விஷயம் அல்ல. அந்தச் சமயத்தில்தான், 1943-இல் மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்துப் பண்ணைப்புரத்தில் பிறந்து, தமையனார் பாவலர் வரதராஜனுடன் கட்சி மேடைகளில் ஆர்மோனியம் வாசித்து வளர்ந்து, சென்னையில் தன்ராஜ் மாஸ்டரிடம் மேனாட்டு சங்கீதமும், ஜி. கே. வெங்கடேஷிடம் சினிமா சங்கீதமும் பயின்ற இளைஞர் ஒருவரைப் பஞ்சு அருணாசலம் அழைத்தார். இளையராஜா என்ற பெயரையும் சூட்டினார். அந்தப் பெயரோடு வந்த முதல் தட்டுத்தான் இது. முதற் பாட்டைப் பதிவு செய்யத் தொடங்கிய சமயத்தில் மின்சாரம் நின்று போயிற்று என்று இசையமைப்பாளரே சொல்லியிருக்கிறார். 2025 மார்ச்சில் லண்டன் நகரத்து அரங்கில் தாம் இயற்றிய ஸிம்பனியை வாசிக்கச் செய்தவருக்கு ஆரம்பம் இப்படி இருட்டில்தான் அமைந்தது!

"அன்னக்கிளி"யைக் கிராமியப் பாட்டு என்று சொல்லி விடுவது சுலபம். கவனித்துக் கேட்டால் அது பாதி உண்மைதான். மேலே ஓடும் மெட்டு வயற்காட்டைச் சேர்ந்தது. அதற்குக் கீழே வயலின் கூட்டம் நகரும் விதமோ மேனாட்டுப் பாடத்தைச் சேர்ந்தது. அதிசயம் என்னவென்றால், இரண்டும் சண்டையிடவில்லை. மருமகளாக வந்தவள் மாமியார் வீட்டுச் சமையலறையில் எந்தப் பாத்திரம் எங்கே இருக்கிறது என்று தெரிந்து கொண்டு சத்தமில்லாமல் காரியம் பார்ப்பதுபோல், வயலின்கள் மெட்டுக்கு இடம் விட்டு நடந்து கொள்கின்றன. பி. சுசீலா பாடியுள்ள சோகப் பாட்டு மட்டும், என் அபிப்பிராயத்தில், அதற்கு முந்திய காலத்துச் சினிமாவின் சாயலை முழுவதும் உதறவில்லை. குரலில் குறை சொல்வதற்கில்லை; மெட்டுத்தான் சற்றுப் பழைய செருப்பை மாட்டிக் கொண்டிருக்கிறது. டி. எம். சௌந்தரராஜன் பாடியது இதைவிட நன்றாக நிற்கிறது.

தட்டின் சிகரம் நெல் குத்தும் பாட்டு. கல்யாண வீட்டுக்கு நெல் குத்தும் பெண்களின் பாட்டு அது. உலக்கை விழும் இடத்தில் தாளம் விழுகிறது. ஜானகி அம்மாள் ஆந்திர தேசத்தில் பிறந்தவர் என்பதை ஞாபகப்படுத்திக் கொள்வதே கஷ்டமாயிருக்கிறது.

இந்தப் பாட்டு ஓடிக் கொண்டிருந்தபோதுதான் நண்பரின் அக்காள், காப்பித் தம்ளருடன் வாசற்படியில் வந்து நின்றார். எழுபத்தைந்து வயதுக்கு மேலிருக்கும். இளமையில் கரிசற்காட்டில் களையெடுத்தவர், பருத்தி எடுத்தவர்.

"இது எங்க பாட்டுல்லா தம்பி! மெட்ராசுக்காரன் இதை எப்பக் கேட்டான்னு அன்னைக்கே நெனச்சேன்" என்றார்.

"நீங்களும் நெல் குத்தும்போது இப்படித்தான் பாடுவீர்களா, அம்மா?"

"நெல்லுக்கு நாங்க எங்க போக? தீவாளிக்கும் பொங்கலுக்கும் தான் நெல்லுச்சோறு. நாங்க குத்தினது கம்பு. கம்புக்கு உலக்கை வேற மாதிரி விழும். இந்தப் பாட்டைவிட ஒரு மாத்திரை வேகம்."

சங்கீத விமர்சனம் எழுதும் எனக்கு இந்த லய பேதம் தோன்றவில்லை என்பதை வெட்கத்துடன் ஒப்புக் கொள்கிறேன்.

"தட்டு வந்த பிறகு உங்கள் பாட்டுப் போய்விட்டதாக்கும்?" என்று கேட்டேன். உள்ளூர, ஆமாம் என்று அவர் சொல்வார், அதை வைத்துக் கண்டனம் ஒன்று எழுதலாம் என்ற ஆசை எனக்கு இருந்தது.

"பிளேட்டு என்ன செய்யும், பாவம்! மாவு மிசின் வந்துது, உலக்கை போச்சு. உலக்கை போனதுக்கு நான் அழுவேனா? கை ரெண்டும் காச்சுப் போயிருந்தது. பாட்டு போனதுதான்..." என்று சொல்லி நிறுத்தி, காப்பி ஆறிப் போகிறதென்று ஞாபகப்படுத்தினார்.

என்னுடைய கண்டனம் காப்பியோடு உள்ளே போய்விட்டது. ஆனால் அவர் முடிக்காமல் விட்ட வாக்கியம் போகவில்லை. தட்டின் நடுவிலுள்ள காகிதத்தைப் படித்துப் பார்த்தேன். பாட்டெழுதியவர் பெயர் உண்டு. இசை அமைத்தவர் பெயர் உண்டு. பாடியவர்கள் பெயர் உண்டு. அதுவே நியாயம். எனினும், கம்பு குத்திய பெண்களின் பெயரை எந்தக் காகிதத்தில் அச்சிடுவது?

கழுகுமலைக்கு இந்தக் கேள்வி புதிதன்று. சங்கரன்கோவிலை அடுத்த சென்னிகுளத்தில் பிறந்து, 1891-இல் இளமையிலேயே மறைந்த அண்ணாமலை ரெட்டியார், ஊற்றுமலை ஜமீன்தார் இருதயாலய மருதப்பத் தேவரின் ஆதரவில், இந்தக் கழுகுமலை முருகன் மீதுதான் காவடிச் சிந்து பாடினார். காவடி தூக்கி நடந்தவர்களின் காலடியில் ஏற்கெனவே இருந்த வண்ணங்களை எடுத்து, தம் புலமையை அதில் ஏற்றினார். அந்தச் சிந்துகள் பிற்பாடு கச்சேரி மேடைகளுக்கும் ஏறின. கோவில்பட்டிக்குப் பக்கத்து இடைசெவலில் பிறந்த கு. அழகிரிசாமி அவற்றைப் பதிப்பித்தார். அதே இடைசெவலைச் சேர்ந்த கி. ராஜநாராயணன் கரிசற்காட்டு ஜனங்களின் கதைகளையும் சொற்களையும் சேகரித்து வைத்தார். ரெட்டியாருக்கு முன்னால் நடந்தவர்களின் பெயர் மட்டும் எங்கும் இல்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஜானகி அம்மாளின் குரல் இந்தப் பக்கத்துக்கு அன்னக்கிளியோடு வந்தது அன்று. 1962-இல் வெளியான "கொஞ்சும் சலங்கை"யில், ஆபேரி ராகத்தில், முருகனைப் பற்றிய பாட்டு ஒன்றில் அவர் குரலோடு போட்டியிட்டது கோவில்பட்டியில் குடியிருந்த காருகுறிச்சி அருணாசலத்தின் நாகஸ்வரம். அந்த மேதை 1964-இல், 43-ஆம் வயதுகூட முடியாமல் காலமாகி விட்டார். அவரை நேரில் கேட்டவர்கள் குறைந்து வருகிறார்கள். அவர் மூச்சு அந்த மெல்லிய கோடுகளில்தான் இருக்கிறது. தட்டுகளைக் குறை சொல்ல எனக்கு நா எழவில்லை.

ஏழாவது தடவை கேட்டபோது, நெல் குத்தும் பாட்டின் நடுவில் முள் சிக்கிக் கொண்டது. பழைய கீறல் ஒன்று. ஒரே துண்டு திரும்பத் திரும்ப வந்தது. நண்பர் கையை நீட்டினார். அதற்குள் உள்ளேயிருந்து அக்காளின் குரல் கேட்டது. முள் நின்ற இடத்திலிருந்து மெட்டைப் பிடித்துக் கொண்டு, தட்டில் இல்லாத அடிகளை, கம்புக்கும் சோளத்துக்கும் உரிய அடிகளை, அவர் பாடினார். ஒரு மாத்திரை வேகமாகத்தான். குரல் நடுங்கியது; தாளம் நடுங்கவில்லை. ஐந்தாறு அடிகள் ஆனதும், மேலே ஞாபகம் இல்லை என்று நிறுத்தி விட்டார்.

நண்பர் முள்ளைத் தூக்கினார். தட்டை உறையில் போட்டு, உறையை அலமாரியில் வைத்தார். என் தீர்ப்பைக் கேட்கவேயில்லை. சற்று நேரம் கழித்துப் பேரனிடமிருந்து டெலிபோன் வந்தது.

"கீறல் விழுந்த தட்டு என்று அந்த மனுஷரிடம் சொல்லி விடு. பொய் இல்லை. இந்த லீவுக்கு வரும்போது உன் கைபேசியை எடுத்து வா. பெரிய பாட்டியிடம் ஒரு வேலை இருக்கிறது. சீக்கிரம் வா" என்றார்.