கத்தரிச் செடிக்குப் பருத்தி மருந்தா?
கொல்லைப்புறத்தில் குடியிருக்கும் விஷம்!

ராஜபாளையம்—
மாசி பிறந்தால் போதும். ராஜபாளையத்திலும் ஸ்ரீவில்லிபுத்தூரிலும் கொல்லைப்புறங்களில் மண்வெட்டிச் சத்தம் கேட்க ஆரம்பித்துவிடும். வெண்டை, கொத்தவரை, பீர்க்கு, பாகல் விதை ஊன்ற இதுதான் மாதம். முன்னாலேயே நட்ட கத்தரி காய்ப்பில் நிற்கும். மல்லிகைக் கொடி அரும்பு கட்டப் பார்க்கும். மாமரத்தில் பூ உதிர்ந்து பிஞ்சு தலைகாட்டும். சப்பட்டை மாம்பழத்துக்குப் பேர் வாங்கிய ஊராச்சே ராஜபாளையம்!

ஸ்ரீவில்லிபுத்தூரைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். நந்தவனத்தால் பேர் பெற்ற ஊர் அது. துளசிப் பாத்தியில் பெரியாழ்வார் கண்டெடுத்த குழந்தைதான் ஆண்டாள் என்பது ஐதீகம். ஆண்டாள் சூடிக் களைந்த மாலை இன்றும் திருப்பதி பிரம்மோற்சவத்துக்குப் போகிறது. அப்படிப்பட்ட ஊரில் வாசலில் ஒரு செம்பருத்தி, கிணற்றடியில் ஒரு துளசி இல்லாமல் இருக்குமா?

தண்ணீர்ப் பிரச்சினை இருக்கத்தான் செய்கிறது. குடிநீர்க் குழாயில் மோட்டாரைப் போட்டு உறிஞ்சி ரோஜாச் செடிக்குப் பாய்ச்சுகிற புண்ணியவான்கள் எல்லா ஊரிலும் உண்டு. பாத்திரம் கழுவும் தண்ணீரையும், அரிசி களைந்த தண்ணீரையும் வாய்க்கால் வெட்டி வாழைக்கு விட்டால் போதும். அந்தச் சங்கதியை இன்னொரு நாள் பேசிக்கொள்ளலாம்.

இப்போது பேச வேண்டியது அதைவிடப் பெரிய ஆபத்து. உயிர் சம்பந்தப்பட்டது!

பிராந்தி பாட்டிலில் வரும் எமன்

வெயில் ஏற ஏற பூச்சியும் ஏறும். கத்தரிக் குருத்து வாடித் தொங்கும். அவரையில் அசுவினி அப்பும். வெண்டை இலை சுருளும். அப்போதுதான் பக்கத்து வீட்டுச் சுவருக்கு மேலே ஒரு பேச்சு நடக்கும்.

"மதினி, கத்தரிக்காயைப் பூரா பூச்சி தின்னுபோட்டு போகுது!"

"அதுக்கு ஏன் கவலைப்படுறீக? பருத்திக்கு அடிச்ச மருந்து எங்க வீட்ல மிச்சம் கெடக்கு. ஒரு மூடி ஊத்தி அடிங்க. ஒண்ணு இருக்காது."

பருத்தி வட்டாரத்தில் இது சர்வ சாதாரணம். தை, மாசியில் பருத்தி எடுப்பு முடியும். டின்னில் மிஞ்சின மருந்தைக் கொட்ட மனசு வராது. காலியான பிராந்தி பாட்டிலிலோ, கலர் பாட்டிலிலோ ஊற்றி வைப்பார்கள். பாட்டில் மேலே லேபிள் இருக்காது, பேர் இருக்காது. எந்த மருந்து, எத்தனை வருஷத்து மருந்து என்று கொடுத்தவருக்கும் தெரியாது, வாங்கியவருக்கும் தெரியாது. அடித்தது போக மிச்சம் எங்கே போகும்? அடுப்படிப் பரணுக்கு! மண்ணெண்ணெய்க்கும் நல்லெண்ணெய்க்கும் நடுவிலே!

சாயங்காலம் மருந்து அடிக்கிறார்கள். மறுநாள் காலையில் அதே செடியில் காய் பறித்துச் சாம்பாரில் போடுகிறார்கள். கடைக் காய்கறியில் மருந்து அடிக்கிறார்கள் என்று பயந்துதானே வீட்டில் கத்தரி வைத்தார்கள்? அந்த வீட்டிலேயே இந்தக் கூத்து!

சட்டம் என்ன சொல்கிறது?

பூச்சிக்கொல்லிச் சட்டம் வந்தது 1968ல். அதன் விதிகள் 1971ல் வந்தன. லைசென்ஸ் இல்லாமல் விற்கக் கூடாது. லேபிள் இல்லாமல், முத்திரையை உடைத்துச் சில்லறையாக ஊற்றிக் கொடுக்கக் கூடாது. டின் மேலே வர்ணம் போட்ட அடையாளம் ஒன்று இருக்கும். சிவப்பு என்றால் கொடிய விஷம். மஞ்சள் அதற்கு அடுத்தது. பிறகு நீலம், கடைசியில் பச்சை. படிக்கத் தெரியாதவர்களும் பார்த்துத் தெரிந்துகொள்ளத்தான் இந்த ஏற்பாடு. மருந்து பிராந்தி பாட்டிலுக்குப் போனதும் அந்த அடையாளமும் போச்சு!

மோனோகுரோட்டோபாஸ் என்ற மருந்தின் கதையைக் கேளுங்கள். பருத்திக்காரர்களுக்கு நன்றாகத் தெரிந்த பேர்தான். இதைக் காய்கறிகளுக்கு அடிக்கக் கூடாது என்று மத்திய அரசு 2005லேயே தடை போட்டது. எத்தனை வீட்டுக்கு அது தெரியும்? தண்டோரா போட்டார்களா? நோட்டீஸ் ஒட்டினார்களா?

2013 ஜூலையில் பீகார் மாநிலம் சரண் மாவட்டத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் மதியச் சாப்பாடு சாப்பிட்ட 23 குழந்தைகள் துடிதுடித்து இறந்தார்கள். சமையல் எண்ணெயைச் சோதித்துப் பார்த்தபோது அதில் இருந்தது இதே மோனோகுரோட்டோபாஸ். அங்கே யாரும் வயலில் நின்று மருந்து அடித்துச் சாகவில்லை. விஷம் சமையலறைக்குள் வந்ததுதான் வினை!

அதற்குப் பிறகும் பத்து வருஷம் மருந்து விற்பனையில் இருந்தது. 2023ல்தான் இதன் 36 சதவீதத் திரவத்துக்கு மத்திய அரசு தடை உத்தரவு போட்டு, இருப்பை விற்றுத் தீர்க்க ஓராண்டு அவகாசமும் கொடுத்தது. கடையில் இருப்பு தீர்ந்திருக்கலாம். பரணில் இருக்கும் பாட்டில்?

இலங்கையில் நடந்தது

இன்னொரு விஷயமும் இருக்கிறது. சொல்லக் கஷ்டமாக இருந்தாலும் சொல்லித்தான் ஆக வேண்டும். கிராமத்துப் போலீஸ் ஸ்டேஷன் செய்திகளைப் படிப்பவர்களுக்கு அது புதிதல்ல. புருஷன் பெண்டாட்டி சண்டை, பரீட்சையில் பெயில், கடன்காரன் தொல்லை. கோபமும் துக்கமும் ஒரு மணி நேரத்தில் தணிந்துவிடும். அந்த ஒரு மணி நேரத்தில் பாட்டில் கைக்கு எட்டுகிற இடத்தில் இருப்பதுதான் கேடு. மறுநாள் அழுது புரண்டு என்ன பயன்?

இது வெறும் பேச்சு அல்ல. பக்கத்து இலங்கையில் செய்து காட்டியிருக்கிறார்கள். மோனோகுரோட்டோபாஸ் உள்ளிட்ட கொடிய மருந்துகளை 1995ல் அங்கே நிறுத்தினார்கள். எண்டோசல்பானை 1998ல் நிறுத்தினார்கள். 1995ல் லட்சம் பேருக்கு 47 என்று இருந்த தற்கொலை 2005ல் 24 ஆகக் குறைந்தது. அங்கே சண்டை சச்சரவு ஓய்ந்துவிடவில்லை. பாட்டில்தான் இல்லை!

குளவி செய்த வேலை

"மருந்து அடிக்காட்டி காய் எப்படிக் கிடைக்கும்?" என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி.

பப்பாளி மாவுப்பூச்சியை நினைவிருக்கிறதா? 2008ல் கோயம்புத்தூர்ப் பக்கம் தலைகாட்டி, தமிழ்நாடு பூராவும் பரவியது. பப்பாளி, செம்பருத்தி, மல்பெரி, மரவள்ளி என்று எதையும் விடவில்லை. வெள்ளை வெளேர் என்று பஞ்சு ஒட்டின மாதிரி அப்பிக்கொண்டது. எத்தனையோ மருந்து அடித்துப் பார்த்தார்கள். பூச்சி மேலே மெழுகுப் போர்வை இருக்கிறதே, மருந்து எங்கே இறங்கும்? கடைசியில் 2010ல் அமெரிக்கப் பக்கத்துத் தீவான போர்ட்டோ ரிக்கோவில் இருந்து கடுகைவிடச் சின்னதாக ஒரு குளவியைக் கொண்டுவந்து விட்டார்கள். அது மாவுப்பூச்சிக்குள்ளேயே முட்டை வைத்து, உள்ளிருந்தே தின்று தீர்த்தது. மருந்தடித்துப் போகாத பூச்சி குளவியால் போனது. கண்டபடி மருந்து அடிக்கிறவர் அந்தக் குளவியையும் சேர்த்தே கொல்கிறார்.

நாலு கத்தரிச் செடிக்குக் கையே மருந்து. வாடித் தொங்குகிற குருத்தை ஒரு விரற்கடை கீழே கிள்ளிப் பார்த்தால் உள்ளே புழு இருக்கும். கிள்ளி எடுத்து நெருப்பில் போட வேண்டும். சொத்தைக் காயைச் செடிக்கடியில் போட்டுவிட்டு வந்தால் புழு மறுபடியும் வரும். அவரை அசுவினிக்கு அடுப்புச் சாம்பலைக் காலைப் பனியில் தூவுவது பாட்டிமார் வழக்கம். அதற்கும் மசியாவிட்டால் வேப்பங்கொட்டை இருக்கிறது. 50 கிராம் வேப்பம்பருப்பை இடித்து, ஒரு லிட்டர் தண்ணீரில் ராத்திரி ஊறப்போட்டு, துணியில் வடிகட்டி, துளி சோப்புக் கரைசல் சேர்த்துச் சாயங்கால வேளையில் தெளிக்கலாம். வாடை கொஞ்சம் தூக்கலாக இருக்கும். பொறுத்துக்கொள்ள வேண்டியதுதான்.

யார் சொல்வது?

இதையெல்லாம் வீட்டுப் பெண்களுக்குச் சொல்ல ஆள் இல்லையா? இருக்கிறார்கள். ஸ்ரீவில்லிபுத்தூரிலேயே வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் பருத்தி ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. எஸ்.வி.பி.ஆர். என்று பேர் போட்டு வந்த பருத்தி ரகங்கள் அங்கே உருவானவைதான். பருத்திப் பூச்சியைப் பற்றி அவர்களைவிட யாருக்குத் தெரியும்? மாசியில் ஒரு நாள் மகளிர் குழுக்களைக் கூப்பிட்டு வைத்துச் சொன்னால் என்ன குறைந்துவிடும்? வேளாண்மைத் துறையும் வயலோடு நின்றுவிடாமல் கொல்லைப்புறத்தையும் எட்டிப் பார்க்க வேண்டும்.

நகராட்சிக்கும் ஒரு வேலை இருக்கிறது. லேபிள் இல்லாத பழைய பாட்டில்களை வேளாண்மைத் துறையோடு சேர்ந்து வார்டு வார்டாக வாங்கி, பத்திரமாக அப்புறப்படுத்த வேண்டும். சாக்கடையில் ஊற்றுங்கள் என்று மட்டும் சொல்லிவிடக் கூடாது. அது எந்தக் கண்மாயில் போய்ச் சேரும் என்று ஊருக்கே தெரியும்.

அது வரை வீட்டுக்காரர்கள் செய்ய வேண்டியது ஒன்றுதான். பரணைப் பாருங்கள். பேர் தெரியாத பாட்டில் இருந்தால் மோந்து பார்க்க வேண்டாம். பிள்ளைகள் கை படாத இடத்தில், வீட்டுக்கு வெளியே பூட்டி வைத்துவிட்டு வேளாண்மை ஆபீசில் விசாரியுங்கள். தப்பித் தவறி யாராவது குடித்துவிட்டால் உப்புத் தண்ணீர், சோப்புத் தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்க வைக்கக் கூடாது. 108ஐக் கூப்பிட்டு, பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும். போகும்போது அந்த பாட்டிலையும் கையோடு கொண்டுபோங்கள். என்ன விஷம் என்று தெரிந்தால்தான் டாக்டருக்கு வைத்தியம் பார்க்கத் தோது.

காலி டின்னைக் கழுவித் தண்ணீர் மொள்ள வைத்திருப்பவர்களும் உண்டு. அதை உடைத்து நசுக்கிப் போட வேண்டும்.