புதுச்சேரியில் மிலிட்டரி ஆஸ்பத்திரி ஏன் இல்லை? முன்னாள் ராணுவ வீரர்களின் மருத்துவ பில்லை யார் கட்டுறாங்க?

ஜூலை 14 அன்னிக்கு பீச் ரோடு பக்கம் போயிருக்கீங்களா? பிரெஞ்சு போர் நினைவுச்சின்னத்தில் மெடல் குத்திய தாத்தாக்கள் வரிசையா நிப்பாங்க. பிரெஞ்சு ராணுவத்தில் வேலை பார்த்து, பிரான்ஸ்ல இருந்து பென்ஷன் வாங்குறவங்க. இவங்களை போட்டோ எடுக்கவே ஒரு கூட்டம் வரும். இதே ஊரில் இந்திய ராணுவத்தில் இருந்து ஓய்வுபெற்றவங்களும் இருக்காங்க. ராத்திரி 2 மணிக்கு அவங்களுக்கு நெஞ்சு வலி வந்தா எங்கே போவாங்க?

'மிலிட்டரி ஆஸ்பத்திரிக்கு'ன்னு சொன்னா தப்பு. புதுச்சேரியில் அது கிடையாது. சென்னை பரங்கிமலைக்குப் போகணும், கிட்டத்தட்ட 150 கி.மீ. அங்கேயும் பணியில் இருக்கும் வீரர்களுக்கும் அவங்க குடும்பத்துக்கும்தான் முன்னுரிமை.

இங்கேயே ஒண்ணு கட்டினா என்ன? கட்டடம் ஒரு தடவை செலவு. ஐ.சி.யூ, ஆபரேஷன் தியேட்டர், மயக்க மருந்து டாக்டர், நைட் டியூட்டி நர்ஸ் எல்லாம் நோயாளி வந்தாலும் வராவிட்டாலும் மாசாமாசம் செலவு. எல்லையோரத்தில் காலியா கிடக்கும் படுக்கை வீண் இல்லை, சண்டைன்னு வந்தா அது வேணும். பெரிய படைமுகாமே இல்லாத புதுச்சேரியில் அந்தச் செலவை நியாயப்படுத்துறது கஷ்டம்தான்.

அதனால் 2003 ஏப்ரலில் இருந்து நாடு முழுக்க வேறு வழி. 'இ.சி.ஹெச்.எஸ்'னு ஒரு திட்டம். ஓய்வுபெறும்போது ஒரே ஒரு தடவை பணம் கட்டணும்: சிப்பாயில் இருந்து ஹவில்தார் வரை 30,000 ரூபாய், அதிகாரிகளுக்கு 1.2 லட்சம். காய்ச்சல், சுகர் மாத்திரைக்கெல்லாம் பாலிகிளினிக். புதுச்சேரியிலும் ஒண்ணு இருக்கு. பெரிய சிகிச்சைன்னா, பட்டியலில் உள்ள தனியார் மருத்துவமனைக்கு எழுதிக் கொடுப்பாங்க, பில் அரசாங்கத்துக்குப் போகும். அவசரம்னா நேரா எந்த மருத்துவமனைக்கும் போகலாம். அது பட்டியலில் இல்லாததா இருந்தா 48 மணி நேரத்துக்குள் பாலிகிளினிக்குக்குத் தகவல் சொல்லணும், பணத்தையும் முதலில் நாமே கட்டிட்டு அப்புறம் கேட்டு வாங்கணும். உங்க வீட்டில் ஒரு முன்னாள் ராணுவ வீரர் இருந்தா இந்த 48 மணி நேரத்தை மட்டும் மறந்துடாதீங்க.

காலிப் படுக்கைக்குச் சம்பளம் கொடுக்க வேண்டாம்தான். ஆனா வயசு ஏற ஏற பில்லும் ஏறுது. பட்ஜெட்டில் இந்தத் திட்டத்துக்கு 2024-25-ல் 6,968 கோடி, 2025-26-ல் 8,317 கோடி. ஒரே வருஷத்தில் 19 சதவிகிதம் அதிகம். அப்படியும் பில் பணம் லேட்டா வருதுன்னு தனியார் மருத்துவமனைகள் வருஷக்கணக்கா புலம்புது. அரசாங்கத்துக்கு அது நிலுவைக் கணக்கு. கவுன்ட்டரில் கார்டை நீட்டிட்டு, 'இப்போ எடுத்துக்கிறதில்லை'ன்னு பதில் கேட்கிறவர் 70 வயசுப் பெரியவர். ஆஸ்பத்திரி கட்டாம மிச்சம் பிடிச்ச அரசாங்கம், பில்லையாவது தேதிக்குக் கட்டணும்.

காலையில் கிரவுண்டில் அக்னிவீருக்காக ஓடிட்டிருக்கும் நண்பர் உங்களுக்கும் இருப்பார். நாலு வருஷத்துக்கு அப்புறம் நூற்றில் 25 பேர் வரைதான் ராணுவத்தில் தொடர முடியும். மத்தவங்க சுமார் 11.7 லட்சம் சேவா நிதியோட வீட்டுக்கு வருவாங்க. அவங்களுக்கு பென்ஷனும் கிடையாது, இந்த இ.சி.ஹெச்.எஸ் கார்டும் கிடையாது. மெடிக்கல் இன்ஷூரன்ஸ் பிரீமியத்தை அந்தப் பணத்தில் இருந்துதான் அவங்க எடுத்துக் கட்டணும்.