மெடிக்கல் ஷாப் கம்ப்யூட்டருக்கு உங்க பிறந்தநாள் எதுக்கு?

மருந்துக் கடையில பில் போடும்போது "ஃபோன் நம்பர் சொல்லுங்க"ன்னு கேட்பது ஊட்டி கமர்ஷியல் ரோட்டுல இருந்து பந்தலூர் பஜார் வரைக்கும் பழகிப் போச்சு. நாமளும் யோசிக்காம சொல்லிடறோம். கொஞ்சம் நீளமா பேசணும் மக்களே. த்ரெட்.

அந்த நம்பர் எங்க போகுது? பில்லிங் சாஃப்ட்வேரில் வாடிக்கையாளருக்குன்னு ஒரு பக்கம் இருக்கும். பெயர், நம்பர் போக, கடைக்காரர் தன் வசதிக்குப் புதுக் கட்டங்களும் சேர்த்துக்கலாம். பிறந்தநாள், கல்யாண நாள், "சுகர் பேஷண்ட்"... எதை வேணும்னாலும். நீங்க வாங்கின ஒவ்வொரு மாத்திரையும் அந்தப் பேரோட ஒட்டிக்கும்.

துணிக்கடைன்னா தீபாவளிக்கு ஆஃபர் மெசேஜ் வரும், அவ்ளோதான். மருந்துக் கடை அப்படி இல்ல. ஒருத்தர் ஆறு மாசமா என்ன மாத்திரை வாங்கினார்னு பாத்தாலே நோய் தெரிஞ்சிடும். காசநோயோ, மனநலப் பிரச்னையோ, கண்டுபிடிக்க டாக்டர் படிப்பு தேவையில்ல.

எஸ்டேட் லைன் வீடுகள்ல இது இன்னும் சிக்கல். பல குடும்பங்களுக்கு ஒரே ஃபோன், அதுவும் பையன் கையில. "உங்க மாத்திரை தீரப் போகுது"ன்னு மருந்துப் பேரோட வர்ற மெசேஜை முதல்ல படிக்கிறது நோயாளியா இருக்காது. தூக்க மாத்திரை சாப்பிடுறதை மாமியார் கிட்ட சொல்லாத மருமகளை நினைச்சுப் பாருங்க. (பிரஷர் மாத்திரையை மறந்துடற தாத்தாவுக்கு அதே மெசேஜ் உதவும். மறுக்கல. கேட்டுட்டு, மருந்துப் பேர் இல்லாம அனுப்புங்க.)

நம்பர் கொடுத்தே ஆகணுமா? இல்ல. நம்பர் தந்தாதான் பில் போடுவோம்னு கட்டாயப்படுத்துறது நியாயமற்ற வணிக நடைமுறைன்னு மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2023 மே மாசமே சொல்லிடுச்சு.

"மருந்துச் சட்டத்துல இருக்கு சார்"னு சிலர் சொல்வாங்க. சட்டம் கேக்குறது வேற. சில ஆன்டிபயாடிக், காசநோய் மருந்து, தூக்க மாத்திரை எல்லாம் ஷெட்யூல் ஹெச்1-ல வரும். 2014 மார்ச்சில் இருந்து இதுக்குத் தனிப் பதிவேடு உண்டு: டாக்டர் பெயர், முகவரி, நோயாளி பெயர், மருந்து, அளவு. மூணு வருஷம் வெச்சிருக்கணும். நல்ல விதி, அதுக்குச் சண்டை போடாதீங்க. ஆனா அந்தப் பட்டியல்ல கல்யாண நாள் கிடையாது!

என் ஆதங்கமே இதுதான். பிறந்தநாள் கேக்குற கடையில "ஏதாவது மருந்து ஒத்துக்காதா?"ன்னு எத்தனை பேர் கேக்குறாங்க? பென்சிலின் அலர்ஜி உள்ளவருக்கு அமாக்சிசிலின் போனா உயிருக்கே ஆபத்தாகலாம். கிட்னி பாதிச்சவருக்கு டைக்ளோஃபினாக் ஆகாது. ஜி6பிடி குறைபாடு உள்ளவருக்கு சில மாத்திரைகள் ரத்த அணுக்களையே உடைச்சிடும். உயிரைக் காக்குற கட்டம் காலியா கிடக்கு, ஆஃபருக்கான கட்டம் நிரம்பி வழியுது.

அப்போ எல்லா நோயையும் கம்ப்யூட்டர்ல ஏத்திடலாமா? இங்கதான் தயங்குறேன். நீலகிரிப் பழங்குடி மக்களிடம் அரிவாள் செல் மரபணு இருப்பது 1952-லேயே மருத்துவ இதழ்ல வந்துடுச்சு. இந்த நோய் உள்ள குழந்தைக்குக் காய்ச்சல்னா பாரசிட்டமால் மட்டும் கொடுத்து அனுப்பக் கூடாது, உடனே ஆஸ்பத்திரி போகணும். கடைக்காரருக்குத் தெரிஞ்சிருந்தா நல்லதுதான். ஆனா அதே விவரம் கடையில இருந்து கசிஞ்சா, நாளைக்கு அந்தப் பொண்ணோட கல்யாணப் பேச்சுல வந்து நிக்கும். சின்ன ஊருங்க இது. அதனால இந்த விவரம் நோயாளி கையில இருக்குற கார்டுல இருக்கட்டும். பாத்துட்டுத் திருப்பிக் கொடுங்க. அலர்ஜியை மட்டும் சம்மதம் கேட்டுப் பதியலாம், அழிக்கச் சொன்னா அழிக்கணும்.

2023-ல வந்த டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும், சொன்ன நோக்கத்துக்குத் தேவையானதை மட்டுமே சம்மதத்தின் பேர்ல வாங்கலாம்னு சொல்லுது. விதிகள் 2025 நவம்பர்ல வந்தாச்சு, முக்கியமான கடமைகளுக்கு 18 மாசம் அவகாசம். ஆனா உடல்நலத் தகவலுக்குன்னு தனிப் பிரிவு அதுல இல்ல. எனக்கு இது பெரிய குறை.

கடை நடத்துற அண்ணன்மாரே, இன்னைக்கு ராத்திரி கடை சாத்துறதுக்கு முன்னாடி அந்த வாடிக்கையாளர் பக்கத்தைத் திறந்து பாருங்க. எதைப் பாத்து உங்களுக்கே "இது எதுக்கு?"ன்னு தோணுதோ, அழிச்சிடுங்க.

மத்தவங்க: "நம்பர் வேண்டாம்ணா, பேர் மட்டும் போடுங்க"ன்னு தயங்காம சொல்லுங்க. அலர்ஜி இருந்தா அவங்க கேக்கலன்னாலும் நீங்களே சொல்லிடுங்க. பில்லைக் கட்டாயம் வாங்குங்க, மருந்துல ஏதாவது பிரச்னைன்னா பேட்ச் நம்பர் அதுலதான் இருக்கும்.