கைவலியே புலமையா?

"இயந்திரத்திடம் ஒப்படைத்துவிட்டால் அதற்குப் பெயர் ஆய்வா?" தமிழ்த்துறை அறைகளில் அடிக்கடி ஒலிக்கும் கேள்வி இது. சொல்லடைவு தொகுக்கும் மாணவர் ஒருவர், விரிதாளில் சிறு மேக்ரோ ஒன்றை எழுதிப் பாடலுக்குப் பாடல் ஒரு வெற்று வரிசையைச் செருகிவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். அரை நிமிட வேலை. உடனே புருவங்கள் உயரும். அதே வேலையைச் சுட்டியைப் பிடித்துக்கொண்டு நான்கு நாள் செய்தவரோ 'உழைப்பாளி' என்று பாராட்டப் பெறுவார். இந்த மனப்பான்மையை நாம் தயக்கமின்றி மறுக்கிறோம்.

மேக்ரோ என்பது மாயமன்று. திரும்பத் திரும்பச் செய்யும் செயலை ஒருமுறை கட்டளைகளாக எழுதி வைத்து, வேண்டும்போது ஓடவிடுவது, அவ்வளவே. எக்செல்லில் அதற்கென இன்றும் பயன்படும் மொழி 1993இலேயே வந்துவிட்டது. எனவே புதுமை மயக்கம் என்று நம்மீது எவரும் பழி சுமத்த இயலாது.

திருக்குறளையே எடுத்துக்கொள்வோம். சீருக்கு ஒரு வரிசையாக விரிதாளில் இட்டால் 1330 குறளுக்கு 9310 வரிசைகள். குறளுக்கும் குறளுக்கும் இடையே ஒரு வெற்று வரிசை வேண்டுமெனில் 1329 முறை செருக வேண்டும். ஒவ்வொரு முறையும் இடம் தேடி, வரிசையைத் தேர்ந்து, வலப்பொத்தானை அழுத்தி, 'செருகு' என்பதைச் சொடுக்க வேண்டும். இந்த 1329 சொடுக்குகளில் எந்தச் சொடுக்கில் புலமை இருக்கிறது? அன்புகூர்ந்து யாராவது சொல்லுங்கள்.

புலமை இல்லை, ஆனால் பிழைக்கு இடம் நிறைய உண்டு. இதை நாம் பட்டறிந்தே சொல்கிறோம். சில ஆண்டுகளுக்கு முன் நம் வழிகாட்டுதலில் ஒரு மாணவி குறுந்தொகைக்குச் சொல்லடைவு தொகுத்தார். ஒரு நெடுவரிசையில் சொல். அடுத்தவற்றில் பாடல் எண், அடி எண். பாடல்களுக்கு இடையே கையாலேயே வரிசைகளைச் செருகி வந்தார். ஓரிடத்தில் மட்டும் முழு வரிசைக்குப் பதிலாகச் சொல் இருந்த கட்டத்தை மட்டும் தேர்ந்துவிட்டார். கீழிருந்த சொற்கள் அனைத்தும் ஒரு படி இறங்கின. எண்கள் நின்ற இடத்திலேயே நின்றன. எண் மாறும் இடம் பார்த்து அவர் மேலும் மேலும் செருகச் செருக, ஒவ்வொரு பாடலின் கடைசிச் சொல்லும் அடுத்த பாடலின் தலையில் போய் அமர்ந்தது. பிறகு அகரவரிசைப்படுத்தியபோது பிழை முற்றிலும் மறைந்துபோயிற்று. பதிப்போடு ஒப்பிட்டபோதுதான் தெரிந்தது. மூன்று மாத உழைப்பை முதலிலிருந்து தொடங்க நேர்ந்தது. "கவனம் போதாது" என்று அன்று அவரைக் கடிந்துகொண்டோம். இன்று அதற்காக வெட்கப்படுகிறோம். மனிதக் கவனத்தால் ஆகாத வேலையை அவருக்குக் கொடுத்தது யார்? நாம்தாம்.

கைவேலையின் பெருங்குறை அதன் மெதுவன்று. அது தடயம் விடாமையே. எந்த இடத்தில் எப்போது கை தவறியது என்று அந்த மாணவியாலும் சொல்ல இயலவில்லை. மேக்ரோவோ எழுத்தில் நிற்கும் விதி. விதி தவறெனில் எங்கே தவறென்று பிறர் சுட்டிக்காட்டலாம், திருத்தலாம், மீண்டும் ஓட்டிப் பார்க்கலாம். பாடபேதங்களை அடிக்குறிப்பில் தரும் பதிப்பாசிரியரை நாம் மதிப்பது எதற்காக? தம் முடிவைப் பிறர் சரிபார்க்க வழி வைத்தமைக்காக அன்றோ?

விரிதாள் விரல்பிழை மாணவர்க்கு மட்டும் உரியதன்று. ரைன்ஹார்ட், ரோகாஃப் என்னும் இரு பேரறிஞர்கள் 2010இல் வெளியிட்ட பொருளியல் கட்டுரை, நாடுகளின் கடனையும் வளர்ச்சியையும் பற்றியது. பல நாடுகளின் கொள்கை விவாதங்களில் மேற்கோளாயிற்று. 2013இல் தாமஸ் ஹெர்ன்டன் என்ற ஆய்வு மாணவர் அதன் விரிதாளைக் கேட்டு வாங்கிப் பார்த்தார். சராசரி காணும் வாய்பாடு 49ஆம் வரிசை வரை செல்லாமல் 44ஆம் வரிசையிலேயே நின்றிருந்தது; ஐந்து நாடுகள் விடுபட்டிருந்தன. அக்கட்டுரைமீது வேறு குறைகளும் சொல்லப்பட்டன என்பது உண்மை. ஆயினும் கோப்பு கைக்கு வந்ததனால் அன்றோ இது வெளிப்பட்டது?

"மேக்ரோ எழுதினால் சிந்தனை மழுங்கும்" என்பது அடுத்த குற்றச்சாட்டு. உண்மை நேர்மாறானது. குறளுக்கு ஏழு சீர் என்பது உறுதி. எனவே ஏழுக்கு ஒன்று எனச் செருகினால் போதும். குறுந்தொகையில் அது செல்லாது. பாடலுக்குப் பாடல் அடியளவு மாறும். ஆகவே 'பாடல் எண் மாறும் இடத்தில் செருகு' என்று விதியை மாற்ற வேண்டும். அதையும் மேலிருந்து கீழாக ஓட்டினால் விபரீதம்: புதிதாகச் செருகிய வெற்று வரிசையே அடுத்த 'மாற்ற'மாகத் தெரிய, வெற்று வரிசைகள் முடிவின்றிப் பெருகும். கீழிருந்து மேலாக ஏற வேண்டும். நூலின் யாப்பும் வேலையின் ஒழுங்கும் தெரிந்தாலன்றி இந்த நான்கு வரியை எழுத முடியாது. புணர்ந்து நிற்கும் சொல்லை ஒன்றாகக் கொள்வதா, பிரிப்பதா என்பதை எந்த மேக்ரோவும் முடிவு செய்யாது. அது நம் வேலை. அதற்குத்தான் நேரம் வேண்டும்.

மேக்ரோவிலும் ஆபத்து உண்டு, மறைக்கவில்லை. ஓடி முடித்தபின் எக்செல்லில் 'செயல்தவிர்' கைகொடுக்காது. எனவே படியெடுத்து வைத்துக்கொண்டு படியின்மீதே ஓட்ட வேண்டும். ஓட்டுவதற்கு முன்னும் பின்னும் சொற்களின் எண்ணிக்கை ஒன்றாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். முன்பின் அறியாதவர் அனுப்பும் கோப்பின் மேக்ரோவை இயக்கவே கூடாது. இன்னொரு குறையும் உண்டு. அக்கட்டளைகளை எழுதும் சாளரத்தில் தமிழைத் தட்டினால் கேள்விக்குறிகளே நிற்கும். 'அ' என்று எழுத 2949 என்னும் குறியெண்ணைத் தர வேண்டியிருக்கிறது. முப்பதாண்டுகளாக இந்நிலை நீடிப்பதற்கு, நாம் அந்தப் பக்கமே எட்டிப் பார்க்காததும் ஒரு காரணம் அன்றோ?

இறுதியாக உ.வே.சாவை இழுப்பார்கள். "ஏடு ஏடாகக் கையால் ஒப்பிட்ட மகான்" என்பார்கள். ஆம், ஒப்பிட்டார்; அது புலமை. ஒப்பிட்டு முடித்த சிந்தாமணியை மீண்டும் ஓலையிலா எழுதுவித்தார்? 1887இல் அச்சேற்றினார். தம் காலத்து இயந்திரத்தைக் கண்டு அவர் அஞ்சவில்லை. அவர் பெயரைச் சொல்லி நாம் அஞ்சுவது அவருக்குப் பெருமை சேர்க்காது.

ஆகவே துறைத்தலைவர்களிடம் ஒரு வேண்டுகோள். ஆய்வேட்டின் பின்னிணைப்பில், பயன்படுத்திய மேக்ரோவையும் அச்சிடச் சொல்லுங்கள். வாய்மொழித் தேர்வில் அதைப் பற்றியும் கேளுங்கள். மாணவரின் விரல்கள் எத்தனை முறை சொடுக்கின என்று மட்டும் இனி எண்ணாதீர்கள்.