பாட்டியின் நட்சத்திரம் என்ன?

தஞ்சோங் கிளிங்கில் எங்கள் பாட்டியின் பதினாறாம் நாள் காரியம். "பாட்டியோட அப்பா, அம்மா பேரு என்ன?" என்று ஐயர் கேட்டார். அப்பா பெரியப்பாவைப் பார்த்தார். பெரியப்பா அத்தையைப் பார்த்தார். அத்தை அழத் தொடங்கிவிட்டார். எங்கள் யாருக்கும் தெரியவில்லை.

இத்தனைக்கும் பாட்டி யார் பெயரையும் மறக்காதவர். எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் கோயிலில் அர்ச்சனை என்றால் பிள்ளைகள், மருமக்கள், பேரப்பிள்ளைகள் என 23 பேரின் பெயர், ராசி, நட்சத்திரத்தை வரிசை மாறாமல் ஒப்பிப்பார். பின்னால் நிற்பவர்கள் முணுமுணுத்தாலும் ஒரு பெயரை விடமாட்டார்.

ஒருமுறை ஐயரே சிரித்துக்கொண்டு கேட்டார், "உங்க பேருக்கு ஒண்ணும் வேணாமா பாட்டி?"

"எனக்கு எதுக்கு சாமி? இதுங்க நல்லா இருந்தா போதும்."

மலாயாவில் வாணிப நோக்கில் தொடக்கத்திலேயே ரப்பர் பயிரான இடங்களில் மலாக்காவும் ஒன்று. 1896இல் புக்கிட் லிந்தாங்கில் டான் சாய் யான் அதைத் தொடங்கினார். பின்னர் பரவிய அந்தப் பால்மரங்களை நம்பி வாழ்ந்த ஆயிரக்கணக்கானவர்களில் பாட்டியும் ஒருவர்.

இருட்டோடு எழுந்து பெரட்டுக்கு ஓட வேண்டும். வெயில் ஏறுமுன் வெட்டினால்தான் பால் நன்றாக இறங்கும். மழை பெய்தால் பட்டை நனைந்து, பால் மங்கில் விழாமல் மரத்தில் வழிந்துவிடும். அன்றைய சம்பளமும் அதோடு போய்விடும். அதனால் பாட்டி விடியற்காலையில் வாசலில் நின்று வானத்தைப் பார்த்துக் கும்பிடுவார்: "தாயே மாரியாத்தா, மத்தியானத்துக்கு மேல பெய்யம்மா!" மழை தரும் அம்மனிடமே மழையைக் கொஞ்சம் நிறுத்தி வைக்கச் சொல்லும் உரிமை அவருக்கு இருந்தது. கைக்குட்டை முடிச்சில் சேர்த்த காசில்தான் செங் சன்னாசிமலை மாசி மகத்துக்கு எங்களைப் பேருந்தில் அழைத்துப் போவார்.

காரியம் முடிந்து கோலாலம்பூருக்குத் திரும்பும் வழியில் எனக்கு மலாக்கா செட்டிகளின் நினைவு வந்தது. சுல்தான்கள் காலத்தில் வணிகம் செய்ய வந்த தமிழர்களின் வழித்தோன்றல்கள் அவர்கள். காஜா பேராங்கில் வாழ்கிறார்கள். 1781இல் எழுந்த ஸ்ரீ பொய்யாத விநாயகர் ஆலயம் அவர்களின் முன்னோர் கட்டியது. இன்று அவர்கள் வீட்டில் பேசுவது மலாய்தான். ஆனாலும் பொங்கலுக்கு முந்தைய நாளான போகியில், 'பார்ச்சு' என்று சொல்லி, மறைந்த பெரியவர்களுக்கு வாழையிலையில் படைக்கிறார்கள். மொழி கைவிட்டுப் போன பிறகும் முன்னோரை விடவில்லை. நமக்குத் தமிழ் இருக்கிறது. ஆனால் பாட்டியைப் பெற்றவள் பெயர் தெரியவில்லை!

மறுநாளே அத்தை, பாட்டியின் தங்கையைத் தொலைபேசியில் அழைத்தார். அப்பா, அம்மா பெயர் இரண்டும் கிடைத்தன. பாட்டியின் நட்சத்திரம் மட்டும் அவருக்கும் நினைவில்லை. அடையாளக் கார்டில் ஜனவரி 1 என்று இருக்கிறது. அது யாரோ ஒரு கிராணி போட்டுக் கொடுத்த பிறந்தநாள் என்று பாட்டியே சொல்லிச் சிரிப்பார். எங்கள் 23 பேருக்காகவும் வேண்டிக்கொண்டவருக்கு, அவர் பெயரில் ஓர் அர்ச்சனை செய்யவேண்டும் என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. கேட்டிருந்தால் அப்போதே சொல்லியிருப்பார்.

உங்கள் வீட்டில் பாட்டி இருக்கிறாரா? இந்த ஞாயிற்றுக்கிழமை கைப்பேசியைத் தள்ளி வைத்துவிட்டுப் பக்கத்தில் உட்காருங்கள். பேட்டி எடுப்பதுபோல் கேட்காதீர்கள். வெங்காயம் உரித்துக்கொண்டே பேசட்டும். எந்தத் தோட்டத்தில் பிறந்தார், தாய் தகப்பன் பெயர் என்ன, எந்தச் சாமிக்கு என்ன வேண்டிக்கொண்டார் என்று கேட்டு, ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதி வையுங்கள். அடுத்த முறை கோயிலுக்குப் போனால் அவர் பெயரைச் சொல்லி அர்ச்சனை செய்யுங்கள்.

போன வெள்ளிக்கிழமை நானும் அர்ச்சனைச் சீட்டு வாங்கினேன். பாட்டி சொன்ன வரிசையிலேயே சொல்லப் பார்த்தேன். 23 பேரில் 9 பேரின் நட்சத்திரம்தான் எனக்குத் தெரிந்தது. மற்றவர்களை இப்போது ஒவ்வொருவராக அழைத்துக் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.