பந்தய ஒளிபரப்பும் பொதுஜன உரிமையும்

தூத்துக்குடித் துறைமுகத்தில் முன்னொரு காலத்தில் நடைபெற்ற கட்டணப் போட்டியைத் தமிழ் மக்கள் மறந்திருக்கமாட்டார்கள். ஸ்ரீ வ.உ. சிதம்பரம் பிள்ளை 1906-ஆம் ஆண்டில் நிறுவிய சுதேசிக் கப்பல் கம்பெனி கொழும்புக்குக் கப்பல் விட்டபோது, அதுகாறும் அவ்வழியில் தனி ஆதிக்கம் செலுத்திவந்த பிரிட்டிஷ் இந்தியா கப்பல் கம்பெனி பிரயாணக் கட்டணத்தை ஒரு ரூபாயாகக் குறைத்தது. அதன் பின்னர் கட்டணமே வேண்டுவதில்லை, ஏறுவோருக்குக் குடையும் தருவோம் என்றது. 1908-இல் பிள்ளையவர்கள் சிறை புகுந்தார். 1911-இல் சுதேசிக் கம்பெனி கலைக்கப்பட்டது. குடை கொடுக்கவேண்டிய அவசியமும் அத்துடன் தீர்ந்தது.

இப்பழைய வரலாற்றை இன்று நினைவூட்ட நேர்ந்தது, கிரிக்கெட் பந்தயங்களை ஒளிபரப்பும் உரிமையின் விலை ஏறிவரும் வேகத்தைக் கண்டேயாகும். பந்தயத்தை ஒளிபரப்புவதற்குக் கிரிக்கெட் வாரியமே தூர்தர்ஷனுக்குப் பணம் கட்டவேண்டியிருந்த காலம் ஒன்று உண்டு. அது 1990-களின் தொடக்கத்தோடு மாறிற்று. ஐ.பி.எல். பந்தயத்தின் 2018 முதல் 2022 வரையிலான ஐந்தாண்டு உரிமையை ஸ்டார் இந்தியா கம்பெனி ரூ.16,347.50 கோடிக்கு வாங்கியது. அடுத்த ஐந்தாண்டுகளுக்கான உரிமை 2022 ஜூன் மாதத்தில் ஏலம் விடப்பட்டபோது மொத்தத் தொகை ரூ.48,390 கோடியை எட்டியது. ஏலம் விடப்பட்ட 410 ஆட்டங்களுக்கும் கணக்கிட்டால், ஆட்டம் ஒன்றுக்கு ஏறக்குறைய ரூ.118 கோடியாகிறது.

இத்தொகை எங்கிருந்து வரும்? வானத்திலிருந்து வராது. விளம்பரக்காரரிடமிருந்து வரும், அன்றேல் பார்ப்போரிடமிருந்து வரும். விளம்பரக்காரர் கொடுப்பதும், சோப்பு வாங்குவோரும் சர்பத் குடிப்போரும் கொடுத்த காசேயன்றி வேறன்று.

ஆயினும் முதலில் ஜனங்களுக்குக் கிடைத்தது இலவசம். தொலைக்காட்சி உரிமை டிஸ்னி ஸ்டாருக்கும், இணையவழி உரிமை ரிலையன்ஸைச் சேர்ந்த வயாகாம் 18-க்கும் எனப் பிரிந்திருந்தமையால் இரு சாராருக்கும் கடும் போட்டி மூண்டது. 2023-இலும் 2024-இலும் ஜியோ சினிமா ஐ.பி.எல். ஆட்டங்களைக் கைப்பேசியில் காசின்றிக் காட்டியது. எதிராளியும் 2023-ஆம் ஆண்டின் ஆசியக் கோப்பையையும் உலகக் கோப்பையையும் கைப்பேசியில் இலவசமாக்கிற்று. உப்பளத்து வேலையாளும் துறைமுகத்துக் கூலியாளும் உள்ளங்கையில் ஆட்டம் பார்த்து மகிழ்ந்தனர். பின்னர் 2024 நவம்பரில் இவ்விரு கம்பெனிகளும் ஒன்றாயின. 2025-ஆம் ஆண்டுப் பந்தயம் வந்தபோது, சிறிது நேரம் கழிந்ததும் சந்தா கேட்கப்பட்டது. குறைந்த அளவாக மூன்று மாதத்துக்கு ரூ.149. சில கைப்பேசித் திட்டங்களோடு சேர்த்து அளிக்கப்பட்டதும் உண்மைதான். எனினும் அதுவும் ஒரே வீட்டின் மற்றொரு கதவேயாகும்.

இதில் சட்டமீறல் யாதும் உண்டென்று நாம் சொல்லவில்லை. விளம்பர இடங்களின் விற்பனை குறித்துச் சில உறுதிமொழிகளைப் பெற்றுக்கொண்டே போட்டி ஆணையம் 2024 ஆகஸ்டில் இணைப்புக்கு அனுமதியளித்தது. கோடிக்கணக்கில் முதல் போட்டவர் வட்டியேனும் தேடமாட்டாரா என்று கேட்பதும் நியாயமே. கம்பெனி நம் நாட்டாருடையதுதானே என்று ஆறுதல் சொல்வோரும் உளர். ஏகபோகம் சுதேசியாக இருப்பினும் ஏகபோகமே. சிதம்பரம் பிள்ளை கப்பல் விட்டது ஒரு முதலாளியின் இடத்தில் வேறொரு முதலாளியை அமர்த்துவதற்கன்று. ஜனங்களுக்கு வேறு வழி ஒன்று இருக்கவேண்டும் என்பதற்காகவே.

வானலைகள் பொதுச் சொத்து என்று சுப்ரீம் கோர்ட்டு 1995 பிப்ரவரியில் தீர்ப்பளித்தது. அத்தீர்ப்பு பிறந்ததும் கிரிக்கெட் ஒளிபரப்பு வழக்கொன்றிலேதான். தேசிய முக்கியத்துவம் வாய்ந்த விளையாட்டுகளைப் பிரசார் பாரதியுடன் பகிர்ந்துகொள்ளவேண்டும் எனப் பாராளுமன்றம் 2007-இல் சட்டம் இயற்றியது. தொலைக்காட்சி விளம்பர வருமானத்தில் முக்கால் பங்கு உரிமையாளருக்கும் கால் பங்கு பிரசார் பாரதிக்கும் என வகுத்தது. ஆகவே உரிமையாளர் வெறுங்கையோடு போவதில்லை. ஆனால் இச்சட்டத்தின் கீழ்ப் பட்டியலிடப்பட்ட கிரிக்கெட் ஆட்டங்கள் தேசிய அணியையும் உலகப் போட்டிகளையும் சார்ந்தவை; ஐ.பி.எல். அவற்றில் சேரவில்லை. கழகங்கள் ஆடும் ஆட்டம் தேசத்தின் ஆட்டமாகாது என்பது வாதமானால், பிரிட்டனைப் பார்க்கலாம். அங்கே எஃப்.ஏ. கோப்பைக் கால்பந்து இறுதியாட்டம் கழகங்களின் ஆட்டமேயாயினும், எல்லோரும் சந்தாவின்றிக் காணத்தக்க ஆட்டங்களின் சட்டப் பட்டியலில் இடம்பெற்றிருக்கிறது. அதனால் கால்பந்துக் கழகங்கள் ஏழையாகிவிடவில்லை.

இம்முறைக்கு முன்மாதிரி தேடிக் கடல் கடக்கவும் வேண்டியதில்லை. தூத்துக்குடியில் முத்துக்குளிப்பு நடந்த நாட்களில், கரைக்கு வந்த சிப்பிகள் முதலில் பங்கிடப்பட்டன. பிரிட்டிஷ் ஆட்சியில் மூன்றில் ஒரு பங்கு குளியாளிகளைச் சேர்ந்தது. எஞ்சிய சர்க்கார் பங்குதான் ஏலத்துக்குப் போயிற்று. திறவாத சிப்பிக்குள் முத்து உண்டோ இல்லையோ, துணிந்தவன் விலை கேட்டான். லாபமும் நஷ்டமும் அவனுடையன. ஆனால் அவன் எவ்வளவு விலை கேட்டாலும் குளியாளியின் பங்கு குறையவில்லை. அந்நிய சர்க்காரும் அறிந்திருந்த நீதி இது: ஏலத்துக்கு முன்னரே பங்கு ஒதுக்கப்படவேண்டும். ஏலம் முடிந்தபின் கேட்பவனுக்குக் கிடைப்பது தயவேயன்றி உரிமையன்று.

இப்பொழுதைய ஒப்பந்தம் 2027-ஆம் ஆண்டுப் பந்தயத்தோடு முடிவடைகிறது. அடுத்த ஏலத்தின் மணி அடிக்கப்படுமுன் மத்திய சர்க்கார் செய்யவேண்டியது ஒன்றுண்டு. ஐ.பி.எல். இறுதியாட்டத்தையும் அதற்கு முந்திய தகுதி ஆட்டங்களையும் 2007-ஆம் ஆண்டுச் சட்டத்தின் பட்டியலில் சேர்த்து, அவை தூர்தர்ஷனில் எல்லோருக்கும் கிடைக்கும் என்று அறிவித்துவிடவேண்டும். அதை அறிந்தே ஏலம் கேட்பவர் கேட்கட்டும். அதனால் விலை சிறிது தாழுமானால் தாழட்டும். எழுபதுக்கு மேற்பட்ட ஆட்டங்களில் மூன்று நான்கை நாட்டுக்கு விட்டுக்கொடுப்பதால் வாரியத்தின் கஜானா வற்றிவிடாது. பார்க்கும் ஜனத்திரள் இல்லையேல் பந்தயத்துக்கு விலையே இல்லை. அவ்விலையை உண்டாக்கியவர்களுக்குப் பங்கு கேட்பது யாசகமாகாது.