நகையின் விலை

டி லா சோல் குழுவின் முதல் இசைத்தொகுப்பான '3 ஃபீட் ஹை அண்ட் ரைசிங்' 1989 மார்ச்சில் வெளிவந்தது. அதற்குச் சற்று முன்புதான் பப்ளிக் எனிமியும் என்.டபிள்யூ.ஏ.வும் வெகுளியை ஹிப் ஹாப்பின் முதன்மைச் சுவையாக நிறுவியிருந்தனர். லாங் ஐலண்டின் அமிட்டிவில் என்னும் ஊரிலிருந்து வந்த இம்மூன்று நண்பர்களோ நகையைத் தேர்ந்தனர். எண்வகை மெய்ப்பாட்டுள் நகையை முதலில் வைத்த மரபில் பயின்ற நமக்கு, விளையாட்டு என்பதாலேயே ஒரு படைப்பை இலேசானது எனத் தள்ளிவிட இயலாது.

பாடல்களுக்கிடையே தொலைக்காட்சி வினாடி வினாவைப் பகடி செய்யும் துணுக்குகள் வருகின்றன. ட்ருகாய் என்ற புனைபெயர் 'யோகர்ட்' என்னும் சொல்லின் தலைகீழ் வடிவம். தயாரிப்பாளர் பிரின்ஸ் பாலும் இவர்களும் பழைய இசைத்தட்டுகளிலிருந்து ஒலித்துண்டுகளை எடுத்துக் கோத்தனர். 'ஐ நோ' பாடலில் ஸ்டீலி டானின் இசையும் ஓடிஸ் ரெடிங்கின் சீட்டியொலியும் அருகருகே அமர்கின்றன. தொகுப்பின் தலைப்பே ஜானி கேஷின் பாடலொன்றை நினைவூட்டுவது. வெள்ளையர் இசை, கறுப்பர் இசை என்று கடைகளில் பிரித்து அடுக்கப்பட்டிருந்தவை இங்கே ஒரே பிரதியாகின்றன. இத்தொகுப்பின் அரசியல் இங்குதான் இருக்கிறது என்பது நம் கருத்து.

இதற்கு அவர்கள் கொடுத்த விலை பெரிது. பிரெஞ்சு மொழிப் பாடத்தட்டின் குரலோடு டர்ட்டில்ஸ் குழுவின் இசைத்துண்டை இணைத்த, ஏறத்தாழ ஒரு நிமிடத் துணுக்குக்காக வழக்கு வந்தது. நீதிமன்றத்துக்கு வெளியே சமரசமாயிற்று. 1991 டிசம்பரில் பிஸ் மார்க்கிக்கு எதிரான தீர்ப்பு, அனுமதியின்றி எடுத்தாள்வதைத் திருட்டென்றே கடிந்தது. ஒவ்வொரு துண்டுக்கும் தனி அனுமதி, தனிக் கட்டணம் என்றானபின் இத்தகைய அடர்ந்த கோவையை உருவாக்குவது பெருஞ்செலவாயிற்று. பழைய ஒப்பந்தங்கள் இணையவழி விநியோகத்தை உள்ளடக்காததால், அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் தேசிய ஒலிப்பதிவுப் பதிவேட்டில் சேர்த்துப் போற்றிய இத்தொகுப்பு, இணைய இசைச் சேவைகளில் 2023 மார்ச் 3 வரை இடம்பெறவில்லை. ட்ருகாய் எனப்பட்ட டேவிட் ஜோலிகோர் அந்நாளுக்கு ஏறத்தாழ மூன்று வாரம் முன்பு, பிப்ரவரி 12 அன்று மறைந்தார்.

மூல இசைஞரின் உழைப்புக்கு மதிப்பில்லையா என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால் அனுமதி முறை அவ்வுழைப்பைக் காத்ததா? ஜேம்ஸ் பிரவுனின் 'ஃபங்கி டிரம்மர்' பாடலில் கிளைட் ஸ்டபிள்ஃபீல்டு வாசித்த தாளம் எண்ணற்ற ஹிப் ஹாப் பாடல்களில் எடுத்தாளப்பட்டது. பாடலாசிரியராக அவர் குறிக்கப்படாததால் உரிமைத்தொகையில் அவருக்குப் பங்கு கிட்டவில்லை. சட்டம் உரிமையாளரைக் காத்தது. அந்த உரிமையாளர் பல நேரங்களில் வாசித்தவர் அல்லர்.

வெளியான பாடலொன்றை, சட்டம் வகுத்த கட்டணத்தைச் செலுத்தி எவரும் மறுபடி பாடிப் பதிவு செய்யலாம் என்னும் ஏற்பாடு அமெரிக்காவில் 1909 முதலே உண்டு. ஒலித்துண்டுகளுக்கும் அதுபோன்றதொரு நிலையான கட்டணம் வகுத்து, அதில் வாசித்தவருக்கும் பங்கு வைத்தால் இருதரப்பும் வாழும். முன்னோரின் சொல்லை மேற்கோளாய் ஏற்றே வளர்ந்தது நம் உரைமரபு. உரையாசிரியர்கள் எடுத்தாண்டதால் மட்டுமே எஞ்சிய பழம்பாடல்கள் பல. எடுத்தாள்வதும் ஒருவகைக் காத்தலே என்பதை நாமேனும் உரக்கச் சொல்ல வேண்டும்.